தொப்பி ஊதா நிறம்

கட்டபெட்டு கூட்டுறவுத் தேயிலை ஆலை,
வாட்டல் பிரிவு, இரவு இரண்டே கால்.
ஒன்பது தொட்டியிலும் இலை படுத்திருக்கிறது.
திருப்பிவிட இன்னும் நாற்பது நிமிடம்.
சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்து
புது ஆட்டத்தைத் திறக்கிறேன்.
புதுசு என்றா சொன்னேன்?
பழசுதான். சாயம் பூசி, எலும்பு மாற்றி,
புல்லுக்குப் புல் காற்று வைத்து விற்கிறார்கள்.

முதல் காட்சியிலேயே இடறினேன்.
தொப்பி ஊதா.

இருபத்தாறு வருடம் அது கறுப்பு.
அருவங்காட்டில், ஃபாக்டரி குவார்ட்டர்ஸில்,
நானும் போஜனும் ஒரே கம்பளிக்குள் தலை நுழைத்து
டார்ச் அடித்துப் பார்த்த உள்ளங்கைத் திரையில்
நிறம் என்றால் சாம்பல், நாலு வகை.
ஊட்டியில் ஸ்வெட்டர் கடைக்காரர் ஒருவர்
கையுறைக் குவியலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்த கேசட்.
எழுத்தெல்லாம் ஜப்பான்.
எங்களுக்கு அது பூச்சி, வேலிக்கம்பி, நண்டுக்கால்.
கதையை நாங்களே போட்டுக்கொண்டோம்.
வாள் பிடித்தவன் நாங்கள்.
கூட வந்து அம்பு விடுகிறவன் பெள்ளி.
போஜன் வைத்த பெயர், அவன் சித்தப்பாவுடையது.

இரண்டாம் குகை வாசலில் பெள்ளி நிற்பான்.
மூன்று வரி ஏதோ சொல்வான்.
திரை வெளுக்கும்.
பிறகு அவன் இல்லை.

செத்துவிட்டான் என்று முடிவு செய்தோம்.
கடைசி வார்த்தை என்ன என்பதில்தான் சண்டை.
"நீ போ, கதவை நான் பிடிச்சுக்கறேன்."
இது என்னுடையது.
"என் அம்பை வீணாக்காதே."
இது போஜனுடையது, கஞ்சத்தனம் என்று சிரித்தேன்.
அன்றைக்குத் தீர்ந்த பேட்டரி இரண்டையும்
சைப்ரஸ் மரத்தடியில் புதைத்தோம்.
ஒரு நாள் முழுக்க வர்க்கி தின்னவில்லை.

இப்போது மூன்று இரவாக
குகைப்பக்கம் போகாமல் ஆற்றோரம் சுற்றுகிறேன்.
ஒரு வெட்டுக்குத் தாங்காத தவளைகளை வெட்டுகிறேன்.
கவசம் ஏறிவிட்டது, மருந்துப் புட்டி நிரம்பிவிட்டது,
பெள்ளி பின்னாலேயே வருகிறான்,
நான் நின்றால் தொப்பியைச் சரிசெய்கிறான்.
இதெல்லாம் அப்போது கிடையாது.
பொத்தானில் பச்சை இலை வாசம்.

இன்றைக்குப் போனேன்.
இப்போது எழுத்து புரிகிறது.

"என் ஊர் இடப்பக்கம்.
இருட்டுவதற்குள் போனால் நல்லது.
மீதி அம்பை நீ வைத்துக்கொள்."

அவ்வளவுதான்.
திரை வெளுத்தது.
அது மூடுபனியாம்.
நீலகிரியில் பிறந்த இரண்டு பேருக்கு
அது தெரியவில்லை.
பாலம் வரைக்கும் ஊதாப் புள்ளி தெரிந்தது,
அப்புறம் பாலமே தெரியவில்லை.

போஜன் ஓசூரில். அவனுக்கும் நைட் ஷிஃப்ட்.
கடைசியாகப் பேசியது ஒரு மழைக்கு முன்னால்,
எந்த வருடத்து மழை என்பது ஞாபகமில்லை.
மூன்று வரியையும் அப்படியே அனுப்பினேன்.
பெள்ளி சாகலைடா என்று கீழே எழுதி
அழித்துவிட்டேன்.

இரண்டு நீலக்கோடு.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு வந்தது:
"தப்பா எழுதியிருக்கானுங்க."
இன்னும் கொஞ்சம் கழித்து:
"அம்பு மேட்டர் நான் சொன்னேன்ல?"

நாற்பது நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
மூன்றாம் தொட்டியில்
இலை கொஞ்சம் கூடவே வாடிவிட்டது.