ஜூன் ஒன்று

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்ததால்
டில்லியம்மா வந்துசேரப் பதினொன்றரை ஆகிவிட்டது.
கேஸைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.
மதியம் மறுபடி எடுத்தார்கள்.

பள்ளிச் சான்றிதழ்படி
சம்பவத்தன்று ஹரிபாபுவுக்குப்
பதினெட்டு வயதும் ஒன்பது நாளும்.

"அது நான் சொன்ன பொய்யி சார்.
அஞ்சு முடியலன்னு சேக்கமாட்டேன்னாங்க.
விடிகாலம் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போவணும்,
புள்ளைய எங்க வுடுறது?
ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கவான்னாங்க டீச்சரம்மா.
தலையாட்டிக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை.
எனக்கும் சான்றிதழில் ஜூன் ஒன்றுதான்.
பெஞ்ச் கிளார்க்குக்கும் அப்படியே இருக்கலாம்.

சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது:
முதலில் பள்ளி,
பிறகு மாநகராட்சி,
இரண்டும் இல்லாவிட்டால்தான்
எலும்பைக் கேட்பார்கள்.
ஸ்டான்லியில் ஒரு எக்ஸ்ரே, மணிக்கட்டு மட்டும் போதும்
என்று நான் போட்ட மனு
தலைமையாசிரியர் முத்திரைக்கு அடியில்
கிளிப் போட்டுக் கிடந்தது.

அவன் முழங்கைத் தழும்பைச் சொறிந்துகொண்டு நின்றான்.
கத்தி யார் கையில் இருந்தது,
இவன் பைக்கை மட்டும்தான் ஓட்டினானா,
அதெல்லாம் இனிமேல்.
இன்றைக்குக் கெல்லீஸா புழலா
அவ்வளவுதான் கேள்வி.

புழல்.

வேன் படியில் கால் வைத்தவன் திரும்பினான்:
"அப்ப நெசமா என்னிக்கிம்மா பொறந்தேன்?"

"ஒரே மழடா.
ஆட்டோ வரல, வூட்லயே பொறந்துட்ட.
கார்த்திக... இல்ல, அதுக்கும் முன்னாடி..."

அவள் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.
எஸ்கார்ட் போலீஸ்காரர்
தாளில் வயதைப் பார்த்து
எழுதிக்கொண்டார்.