பொருள்: சுவர்

தபால் பிரிவில் பதினோரு வருஷம்.
மனு, நினைவூட்டு, வக்கீல் நோட்டீஸ்,
ஒருமுறை யாரோ வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை,
எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்கிறேன்.
சுவருக்குப் போட்டதில்லை.

ஞானசெல்வி. எஃப் பிளாக், மூன்றாம் மாடி.
கொருக்குப்பேட்டை கேட் மூடிட்டான், அதான் லேட்டு என்று
கேட்காமலே சொல்லிவிட்டு
கட்டைப்பையிலிருந்து எடுத்து அடுக்கினாள்.
கழுவிக் காயவைத்த பால் கவர்களில்
காரைத் துண்டுகள்.
ஒவ்வொன்றிலும் பால்பாயிண்ட் எழுத்து:
ஆடி 4, அடுப்பு மேல.
ஆடி 19, நிக்சன் தலமாடு.
ஐப்பசி 2, சோத்துல.
ஒரு கவரில் துருவேறிய கம்பிச் செதில்.
ஒன்றில் வெறும் கருப்பு.
"இது வுயுந்தது இல்ல சார், சொரண்டுனது."

பக்கத்தில் ஸ்டான்லி சீட்டுகள்.
பையனுக்குப் புகை வைத்த நாட்கள்.
அதே தேதிகள்,
ஒரு நாள், இரண்டு நாள் பிந்தி.

"இத்த இன்னான்னு எழுதுவ?"

உதவிப் பொறியாளர் எழுந்து வந்தார்.
ஒதுக்கீட்டு ஆணையின் பின்பக்கத்தைத் தட்டினார்.
ஆணி அடிக்கக் கூடாது. ஆடு வளர்க்கக் கூடாது.
உள்வாடகைக்கு விடக் கூடாது.
"ஏழாவது வரி படி சார்" என்றாள்.
படித்தார்:
கட்டடப் பழுது வாரியத்தைச் சார்ந்தது.
"ஆமாம்மா. நிதி வரணும், டெண்டர் விடணும்,
எல்லாம் ஒண்ண ஒண்ணு சார்ந்துதான்."

"சார்ந்துன்னா சாஞ்சுக்கறதா சார்?
நாங்க சாஞ்சா செவுரு கையோட வருது.
வாரியத்த சார்ந்ததுன்னா வாரியத்துதுன்னு அர்த்தம்.
உன் சொத்து.
ஒரு துண்டு வுடாம பொறுக்கி எடுத்தாந்துகீறேன்.
வாங்கினு ரசீது குடு."

'பொருள்' என்ற கட்டத்தில்
பராமரிப்பு கோருதல் என்றே எழுதிப் பழகிய கை
கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
சுவர். இணைப்பு: ஒன்பது.

முத்திரை காயவில்லை.
கவர் வைத்திருந்த இடமெல்லாம் மேசை ஈரம்.
நிக்சன் எட்டி ரசீதை ஊதினான்.
இரண்டாவது மூச்சு பாதியில் இருமலானது.
தேதி லேசாகக் கலைந்துவிட்டது,
படிக்க முடிகிறது.

அவர்கள் படியிறங்கும்வரை பார்த்திருந்துவிட்டுப்
பொறியாளர் சொன்னார்,
"அந்தக் குப்பைய எடுத்து வெளிய போடுங்க."

எண் போட்டாச்சு சார், என்றேன்.