மூன்று கணினிகளுக்கு மட்டும்

பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது:
மூன்று கணினிகளுக்கு மட்டும்.
அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒன்று.
மூன்று என்றால் ஏழு தலைமுறைக்குக் காணும் என்று
எண்பத்தையாயிரத்தைத் தவணையில் கட்டினேன்.
ரசீது இருக்கிறது, ஒரு ஷூ பெட்டியில்.

முதலாவது, பாலாற்றில் தண்ணீர் வந்த நவம்பரில் போயிற்று.
மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு
பி கஸ்பாவில் என் கடை ஷட்டருக்குக் கீழே நுழைந்து
மேசைக்கடியில் இருந்ததை மட்டும் குடித்துவிட்டுப் போனது.
இரண்டாவதை, நத்தையாய் நகர்கிறதென்று
பழைய இரும்பு காத்தவராயனிடம் எடைக்குப் போட்டேன்.
மூன்றாவதுக்குப் போன வாரம்
இம்தியாஸ் மதர்போர்டு மாற்றினான்.
திரை, விசைப்பலகை, விசிறியில் ஒட்டிய தூசி
எல்லாம் அதேதான்.
மென்பொருள் மட்டும்
என்னை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தது.
அனுமதித்த எண்ணிக்கை முடிந்தது என்றது.

அன்று வியாழக்கிழமை.
திங்களுக்குள் சாம்பிள் போகவேண்டும்:
பெண்கள் பூட்ஸ், முப்பத்தெட்டாம் அளவு.
கணுக்கால் வளைவு மொத்தமும் உள்ளே கிடக்கிறது,
வேறெதிலும் திறக்காத கோப்பில்.

கம்பெனிக்கு எழுதினேன்.
அந்தக் கம்பெனியை இன்னொன்று வாங்கி
அதை மூன்றாவது ஒன்று விழுங்கியிருந்தது.
பதில் மரியாதையாகத்தான் வந்தது:
பழைய கணினியைத் திறந்து
'விடுவி' என்ற பொத்தானை அழுத்தவும்.
ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுக்க
செத்தவரே நேரில் வந்து கைநாட்டு வைக்கவேண்டும்.
கடைசி வரி:
இந்தப் பதிப்பின் ஆயுட்காலம் முடிந்துவிட்டது.
இருக்கலாம்.
அதில் வரைந்து வெட்டிய ஷூக்கள்
எந்தெந்த ஊர்ப் பனியில் நடக்கின்றனவோ.

"கிராக் போட்டுடலாம்க்கா, பத்து நிமிஷம்."
பத்து நிமிஷம்தான், தெரியும்.
காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்குள்
கொல்லைச் சுவரேறிக் குதிக்க மனசு வரவில்லை.
வீம்பு என்றான் இம்தியாஸ்.
ஆமாம், வீம்புதான்.

எடைக்கல்லைத் துடைத்தபடி காத்தவராயன் சொன்னார்:
"அத உடைக்கலம்மா.
எங்க ரேணுகா கேட்டுது, குடுத்துட்டேன்."

சான்றோர்குப்பத்தில் ஒற்றை அறை.
தையல் மிஷின் மேல் என் பழைய கணினி,
நான் ஒட்டிய ஆயுதபூஜைச் சந்தனப் பொட்டு
இன்னும் உதிராமல்.
அது என்னை எதுவும் கேட்கவில்லை.
சொடுக்கியதும் திறந்தது.

உள்ளே ஷூ இல்லை. வீடு.
ஓர் அறை, இன்னோர் அறை,
கதவு வைத்த குளியலறை,
ஜன்னலோரம் படிக்க ஒரு மேசை.
கிரேடிங் பொத்தானை
யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து
முப்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்று வரை
ஆறு வீடுகளாகப் பெருக்கியிருந்தாள் ரேணுகா,
காலுக்குப் போடுவதுபோலவே,
கோட்டுக்கு வெளியே கோடு.

"நீங்க அமுத்திட்டா இங்க தொறக்காதா?"
"தொறக்காது."
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.
பொய் ஒன்று சொல்லியிருக்கலாம்.
மூன்று நாளில் திருப்பித் தருகிறேன் என்றாவது.
பிறகு அவளே மவுஸை என் பக்கம் நகர்த்தினாள்.

வீடுகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.
விடுவி.
மீதம்: ஒன்று.

ஞாயிறு நடுராத்திரி
பூட்ஸை வெட்டி முடித்த பிறகும்
பேட்டர்ன் அட்டையின் மூலையில் இடமிருந்தது.
விடிந்ததும் போன் போட்டேன்:
எந்த அளவு வெட்டட்டும்?
யோசிக்கக்கூட இல்லை அவள்.

"முப்பத்தெட்டே போதும்க்கா.
நாப்பத்தொண்ணு
எங்க மனைய விட்டு வெளியில போவுது."