உருப்படி ஏழு

பக்கத்துக்கு நாற்பது காசு.
படிக்க வேண்டாம், படம் பிடித்தால் போதும் என்றார்கள்.
சேலம் கலெக்டர் ஆபீஸ் பதிவறையில்
என் வேலை அவ்வளவுதான்:
புரட்டு, அழுத்து, புரட்டு.

ஐம்பதாம் வருஷக் கட்டு ஒன்றில் கை நின்றது.
கரையான் மிச்சம் வைத்த காகிதத்தில்
கறுப்புப் பட்டியல்.
வரிசை எண் பதினொன்று.
வெள்ளையம்மாள், பாட்டுக்காரி,
வயது இருபத்தாறு இருக்கலாம்,
அம்மாபேட்டைக்குக் கிழக்கே சேரி.
ஓரத்தில் எவனோ ஒரு ரைட்டர்
பச்சை மையில் எழுதியிருக்கிறான்:
பேர் மட்டும்தான் வெள்ளை.

இத்தனை வருஷத்தில் நீல மை எல்லாம் வெளுத்துவிட்டது.
அந்தப் பச்சை அப்படியே இருக்கிறது.

குற்றம்:
சிறைக்குள் சுடப்பட்டவர்களுக்காகச்
சிறை வாசலில் ஒப்பாரி வைத்தது.
செத்தவர் ஒருவரும் தனக்கு உறவில்லை என
விசாரணையில் ஒத்துக்கொண்டது.

தண்டனை என்று எதுவும் எழுதவில்லை.
ஸ்டூடியோக்காரர்களின் கடிதம் ஒன்று
குண்டூசியில் குத்தி இருக்கிறது:
மேற்படியாளின் பாட்டுகளை நீக்கிவிட்டோம்.
ஒன்றை மட்டும் நீக்க முடியவில்லை,
படம் ஓடிக்கொண்டிருக்கிறது.
ஆகவே பெயரை நீக்கியிருக்கிறோம்.
இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள.

எந்தப் படம், எந்தப் பாட்டு?
அந்த மூலையைத்தான் கரையான் தின்றிருக்கிறது.
அன்றிலிருந்து
ஐந்து ரோட்டு டீக்கடையில் பழைய பாட்டுப் போட்டால்
டம்ளர் ஆறிப்போகிறது எனக்கு.
ஒவ்வொரு பெண் குரலையும்
நீதானா நீதானா என்று.

அடுத்த பக்கம், கைப்பற்றிய சாமான்.
ஆர்மோனியம் ஒன்று, துருத்தி கிழிந்தது.
துண்டறிக்கை ஒரு கட்டு.
சலங்கை ஒற்றை.
உருப்படி ஏழு: இசைத்தட்டு, இங்கிலீஷ்.
பாடியவர் அமெரிக்கக் கறுப்பர் எனத் தெரிகிறது.
என்ன பாடுகிறார் என்று விளங்கவில்லை.
அவர் ஊரிலும் அவருக்கு மேடை கொடுப்பதில்லையாம்,
ரேடியோவில் விடுவதில்லையாம்.
முன்னெச்சரிக்கையாக இதையும் எடுத்திருக்கிறோம்.
லேபிளில் பெயர் இருந்த இடம்
ஆணியால் சுரண்டப்பட்டுள்ளது.

யார் சுரண்டியது?
அவளா, அந்த மனுஷனைக் காப்பாற்ற?
இல்லை, கடல் தாண்டியும் நீளுகிற கையா?
ஏழாம் உருப்படியை ஏலம் விட்டிருக்கிறார்கள்.
கேட்பாரில்லை.

கடைசித் தாள் நாலே வரி:
ஆள் மலையேறிவிட்டாள்.
ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் கூலி, செல்லி என்ற பெயரில்.
பாடுவதில்லை.
இனிக் கண்காணிப்புத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பக்கத்து சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது.
பல்ப்பர் ஷெட்டில் பையனாக வேலை பார்த்த சவரிராயன்
என்னை உட்காரச் சொல்லவில்லை.
பாட்டா? அது பாடற ஆளே இல்லீங்க.
சாயங்காலம் கூடை எண்ணும், அவ்வளவுதான்.
சத்தம் நல்லா எட்டுதுன்னு
துரைதான் கணக்குக்குப் போட்டான்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அவராகவே,
பதினேழு சொல்லிட்டு
மூச்சை எங்கியோ கொண்டுபோய் வச்சிட்டு வரும்.
எதிர்ச் சரிவுல பழம் பறிக்கறவங்களுக்கு
கை நின்னுடும்.
நாங்க வேணும்னே கூடையைக் கலைச்சு விடுவோம்,
மறுபடி எண்ணட்டும்னு.

எஸ்டேட் ஆபீஸ் பரணில்
பதினோரு வருஷக் கணக்குப் புத்தகம் கிடக்கிறது.
தேதி, கூடை. தேதி, கூடை.
எலிப்புழுக்கை.
எல்லாப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்,
இதற்கு நாற்பது காசும் இல்லை.

மழை நாள் ஒன்று, கூடை பதினெட்டு.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
பதினைந்து, பதினாறு, பதினேழு,
கொஞ்சம் இழுத்து,
பதினெட்டு.

வாசலில் குடையோடு நின்ற சவரிராயன்
தலையை ஆட்டினார்.
அவ்வளவு சீக்கிரம் வராதுங்க
பதினெட்டு.