நத்தைக்கு மூன்று சொல்தி

காலையில் நிறுத்துக் கொடுப்பார், மாலையில் நிறுத்து வாங்குவார்
பண்டசாலைத் துறவி க்விதலோத்தோ.
சிப்பி ஓட்டில் அந்த நீலம்.
கடலுக்கு அப்பால் ஏதோ மலையைக் குடைந்து எடுத்ததாம்.
மாதாவின் மேலாடைக்கு மட்டும், என்பார்.
வேறெங்கே ஒரு பொட்டு விழுந்தாலும்
அது உன் கூலியில் விழும்.

குப்பியோ மலைச்சரிவில் அவ்வாண்டு பனி விடவே இல்லை.
ஏடு என் மேசையைவிட அகலம்.
பன்னிரண்டு பேர் தள்ளி நின்று
ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாட வேண்டுமே.
சிவப்புக் கோடு நான்கு,
அவற்றில் குந்தியிருக்கும் கறுப்புச் சதுரங்கள்.
எனக்கு இசை வாசிக்க வராது.
அல்லேலூயாவின் முதலெழுத்து மட்டும் என் பொறுப்பு:
கால் அகட்டி நிற்கும் கூடாரம்,
உள்ளே விண்ணேறும் மாதா.

சுண்ணப் பசையில் நாணற்குழலால் ஊதினேன்.
வெங்காயம் தின்ற வாய்தான்.
பொன் தகடு முகம் சுளிக்கவில்லை, ஒட்டிக்கொண்டது.

ஆடையில் ஒரு மடிப்பைக் குறைத்தேன்.
மிஞ்சியது பயறளவு நீலம்.
ஏட்டின் கீழ்ப்பாதியில், ஒற்றை உயிரெழுத்தை இழுத்து இழுத்து
சதுரங்கள் ஊரும் வரியின் அடியில்
ஒரு துளை.
கன்று மேய்ந்த நாளில் உண்ணி கடித்த இடம்.
துளையை நடுவாக்கி ஓடு சுருட்டினேன்,
இரண்டு கொம்பு வைத்தேன்.

"தேவதாய்க்கு வாங்கியது புழுவுக்கா?"
மூன்று சொல்தி கழித்துக்கொண்டார்.

ஆகஸ்டில், மாதா திருநாளன்று,
கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றேன், செருப்புத் தைப்பவர்களோடு.
ரனூச்சோவுக்கு அறுபத்தெட்டு வயது, நெஞ்சில் கோழை.
அந்த நீண்ட இழுப்பில் ஆண்டுதோறும்
பாதி வழியில் மூழ்கிவிடுவாராம்.
இம்முறை கண் நத்தையில் தட்டியது.
நின்றார். மூச்சு வாங்கினார்.
பக்கத்திலிருந்தவரும் வாங்கினார்,
பிறகு வரிசை முழுக்க.
சுவர்போல் நின்ற குரல் சட்டென்று இல்லை.
திரி பொரிந்தது. உத்தரத்தில் ஒரு தகைவிலான் சிறகடித்தது.
பின் எல்லோரும் சேர்ந்தே நுழைந்தார்கள், புதிதாக.

திராட்சை அறுப்பு முடிந்ததும் க்விதலோத்தோ வந்தார்.
இரண்டாம் தொகுதி. ஆறு ஏடு, ஆறு நத்தை.
"மலிவு நீலம் போதும்."
போதாது என்றேன்.
தாடியைச் சொறிந்தார்; சிப்பியைத் தந்தார், நிறுக்காமல்.

ரனூச்சோ வந்து என் மேசையருகே நின்று
விரலால் சதுரங்களைத் தொட்டுத் தொட்டு
மெதுவாகப் பாடினார்.
ஓரிடத்தில் குரல் தீர்ந்தது. விரல் நின்றது.
அங்கே தோலில் துளை இல்லை.
ஊசியை எடுத்தேன்.