பதினேழு சொட்டு

ஜெர்மனியிலிருந்து ஆர்டர்.
கறுப்பு டீசர்ட், பன்னிரண்டாயிரம் பீஸ்,
பதினோரு பேண்டு.
முதல் பேரைப் படிக்கவே முடியவில்லை.
இட்டேரியில் வெட்டிப் போட்ட கருவேல முள்ளை
யாரோ போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று
ஃபிலிம் போடும் சஞ்சீவி சத்தியம் செய்தான்.
தலைகீழாகப் பிடித்தோம்.
அப்போதும் முள்.

மெர்ச்சண்டைசர் கிருத்திகா மெயில் போட்டுக் கேட்டாள்.
அது எழுத்துதானாம்.
பிஷப்பின் குடல்வால் என்று அர்த்தமாம்.

செக்கிங் மேஜையில் கொஞ்ச நேரம்
ஃபேன் மட்டும் பேசியது.
"ஏனுங் கண்ணு,
ஆபரேசன் பண்ணி எடுத்துப்போட்டாங்களா,
வலி இன்னும் இருக்குதுங்களா?"
என்று மாராத்தாள் கேட்டாள்.

பிறகு வரிசையாக வந்து இறங்கினார்கள்.
புழுக்களின் பொதுக்குழு.
சவக்கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை.
ஒன்பதாம் நரகத்துச் சாணிவண்டி.
ஆட்டுத்தலை ஆணையம்
(அது எங்கள் வீதிக் கறிக்கடையில்
வாராவாரம் காலை ஆறுக்கே கூடிவிடும்).
ரத்தம் குடிக்கும் தாய்.
"இது எங்க குலசாமியாச்சுங்க" என்றாள் மாராத்தாள்.
"வருசம் ஒரு கெடா வாங்கிக்குவா.
எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துக் குடுத்ததே அவதான்."
கடைசியாக ஒரு பேண்டின் பேர் வெறும் டேவிட்.
அதைப் பார்த்துத்தான்
எங்களுக்கு லேசாகப் பயம் வந்தது.

வேலை என்று வந்துவிட்டால் எல்லாம் சரக்குதான்.
பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டு
போனில் சொல்லியிருக்கிறேன்:
"குடல்வால பொழுதோட அயர்ன் பண்ணி மடிச்சு வெச்சிருங்க.
புழு எக்ஸ்எல் பத்தாது, இன்னும் நாப்பது அடிக்கோணும்."
பக்கத்தில் இருந்தவர்
பையனை ஜன்னலோரம் தள்ளி உட்கார வைத்தார்.

தப்பு என்னுடையதுதான்.
எழுத்துக்குக் கீழே இங்க் வழிந்திருக்கிறது என்று
முந்நூற்று நாற்பது பீஸில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்.
பையரிடமிருந்து பதில்:
வழிவதுதான் டிசைன். அது ரத்தம்.
பத்தொன்பது சொட்டு இருக்க வேண்டும்,
உங்களுடையதில் பதினேழுதான் இருக்கிறது.

அன்று டபுள் ஷிப்டில் உட்கார்ந்து
ரத்தம் எண்ணினேன்.
டீ ஆறிப்போனது.
பதினேழு சொட்டுக்காரர்களையெல்லாம் மூட்டை கட்டி
காதர்பேட்டைக்கு அனுப்பினோம், பீஸ் அறுபது ரூபாய்.

அதற்கப்புறம் ஊரெல்லாம் தெரிந்த முகம்.
சவக்கிடங்கைப் போட்டுக்கொண்டு ஒருவர்
அவிநாசி ரோட்டில் இளநீர் சீவுகிறார்.
பிஷப்பின் குடல்வால்
என் சந்தில் தண்ணி லாரி ஓட்டுகிறது.
பெருமாநல்லூர்க் குண்டத்தில் வரிசையில் நின்றவர்
சாணிவண்டியைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்துவிட்டு
நெருப்பில் நடந்து போனார்.
அக்கட்டால் ஏறி
காலைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.
நரகம் எந்தப் பக்கம் என்று
யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இப்போது சஞ்சீவிக்கும் ஆசை வந்துவிட்டது.
கிடார் ஒன்று, அதில் கம்பி ஐந்து.
டிரம்ஸுக்குப் பிரிண்டிங் செக்சன் பிகாஷ்,
காலி இங்க் டப்பாக்கள் அவனுடையவை.
கத்துவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை,
பவர் டேபிள் சத்தத்தில் பேசிப் பழகிய எல்லோரும்
கத்தத் தெரிந்தவர்கள்தான்.
பேர்தான் அமையவில்லை.
பிணம் என்றான், எலும்பு என்றான்,
எல்லாம் ஏற்கெனவே எக்ஸ்போர்ட் ஆகிவிட்டது.

"ஆர்டர் கேன்சல்னு வெய்யி சாமி" என்றாள் மாராத்தாள்
நூல் பிசிறு வெட்டிக்கொண்டே.

பதினோரு பேரையும் கேட்டுக் கண் சிமிட்டாத
முதலாளி சென்னியப்பன்
கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.
"அத மட்டும் இந்தக் கட்டடத்துக்குள்ள
வாயில எடுக்காதீங்க சாமி" என்றார்,
விளக்கைப் பார்த்துக்கொண்டார்,
எரிந்துகொண்டிருந்தது.

சஞ்சீவி அன்று ராத்திரியே வரைந்துவிட்டான்.
முள் முள்ளாக, ஒருவருக்கும் படிக்க வராத மாதிரி,
கீழே ரத்தம்.
பாருங்கக்கா என்று நீட்டினான்.
பழக்கம் விடுகிறதா,
எண்ணினேன்.

பதினெட்டு.