பீரங்கியில் இறங்கவும்

அச்சிட்ட தாள் சொல்வது இவ்வளவுதான்:
குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.
மெக்சிகோ நகரம் நல்ல உயரத்தில் இருக்கிறது,
முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம்.
டாக்சிக்கு உள்ளேயே சீட்டு வாங்குங்கள்.
வாசலில் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு
முன்னால் நடப்பவர் பின்னால் போகாதீர்கள்.
நெரிசல் நேரத்தில் ரயிலின் முன்பெட்டிகள்
பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்.
சைரன் ஊளையிட்டால் பூகம்பம்.
உடனே வெளியே வாருங்கள்,
செருப்பைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

கடைசி வரி தாளில் இல்லை. நான் சேர்த்தது.

கிழக்குப் பேருந்து முனையம், நான்காம் கவுண்டர், இரவுப் பணி.
பெயர் எலிஹியோ பார்ரகான், சட்டையில் குத்தியிருக்கிறது.
பதினோரு வருஷத்தில்
அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டவர்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
விடியற்காலை நாலரைக்கு
வஹாகா மலையிலிருந்து வருகிற பேருந்து
வேறு கேள்விகளை இறக்கிவிடும்.
சிறைச்சாலைக்கு எந்த வண்டி?
பிணவறை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?
இந்த நம்பருக்கு நீங்கள் ஒரு போன் போட்டுப் பாருங்களேன்,
என் மகன்தான், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

தாளின் முன்பக்கம் பூராவும்
தூண்மேல் நிற்கும் தங்கத் தேவதை.
பின்பக்கம், நல்லவேளை, ஒன்றும் இல்லை.

அவள் வந்தது ஒரு மழைக்காலச் செவ்வாய்.
கக்கத்தில் பழுப்பு உறை,
உள்ளே யாருடைய நெஞ்சோ, எக்ஸ்ரேயாக.
நனையாமல் இருக்க அதன்மேல் சால்வை;
தலை நனைந்திருந்தது.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
வாய் இருந்தது அவளுக்கு,
மிஷ்தெக் மொழி மட்டும் இந்தக் கண்ணாடியில்
செல்லாத நோட்டுப்போலத் திரும்பி வந்தது.
ஸ்பானிஷில் ஒரே சொல்: ஓஸ்பிதால்.
அதையும் சொல்லிவிட்டு,
சரியாகச் சொன்னேனா என்று பார்த்தாள்.

இந்த ஊர் மெட்ரோவில்
ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் உண்டு.
தாளைத் திருப்பிப்போட்டு வரைந்தேன்.
இளஞ்சிவப்புத் தடம். முதலில் வாத்து.
அடுத்து ஆப்பிள் பெட்டி. வட்டமான கோயில்.
கப்பல். நீரூற்று. பிறகு பீரங்கி.
பீரங்கியில் இறங்கவும்.
பச்சைத் தடத்துக்கு நடக்கவும்.
ஒரு தொப்பி வரும், அதை விட்டுவிடவும்.
அதற்கடுத்தது ஆஸ்பத்திரி.
என் வாத்தைப் பார்த்து
அவள் தன் செருப்பைத் தொட்டுக் காட்டினாள்.
இல்லை, இல்லை, என்று நான் கையை அடித்துப் பறந்து காட்ட,
பக்கத்துக் கவுண்டர் ஹசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.
சிரிக்காமல், படங்களை விரல்மடித்து எண்ணினாள் வந்தவள்.
இரண்டு தரம்.
போய்விட்டாள்.

அவ்வளவுதான் தெரியும்.
நெஞ்சு யாருடையது, என்ன ஆயிற்று,
கவுண்டரில் இருப்பவனுக்கு வந்து சொல்வார்களா?

நவம்பரில் ஒரு பையன்,
தோளில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி,
வழி கேட்கவில்லை, சில்லறைதான் கேட்டான்.
கையில் மடித்து மடித்துத் துணியாகிப்போன காகிதம்.
கொடு பார்ப்போம் என்றேன்.
வாத்து, ஆப்பிள், கோயில், கப்பல்:
வேறு கை, வேறு பேனா, நோட்டுப்புத்தகத் தாள்.
வாத்து வாத்தாகவே இருந்தது.
ஆஸ்பத்திரிக்குப் பிறகு
நான் வரையாத மூன்று படங்கள்:
ஆவி பறக்கும் ஒரு பானை,
அதன் பக்கத்தில் ஐந்து பெசோ நாணயம்,
ஒரு கம்பளி.

கம்பளி எதற்கு?
அவன் என்னைப் பார்த்த பார்வையில்
பதினோரு வருஷம் சுருங்கிப்போயிற்று.
உள்ளே நோயாளி மட்டும்தானே, ஐயா.
கூட வந்தவர்கள் வாசலில், நடைபாதையில்.
குளிரும்.

சில்லறை கொடுத்தேன்.
ஆறு நிலையம், மாறி இரண்டு என்றேன்.
தெரியும் என்றான்.

இப்போது நானும் கம்பளி வரைகிறேன்,
ஒரு கட்டம், நாலு கோடு, ஓரத்தில் குஞ்சம்.
பானைக்காரி காலை ஐந்துக்கே வந்துவிடுவாளாம்.
விசாரித்து வைத்திருக்கிறேன்.
வாத்துதான் இன்னும் சரியாக வரவில்லை.